ஏழாம் வகுப்பு ஈ பிரிவுக்குப் பாடம் நடத்தாமல் இருந்த விதம்

பின்னக் கணக்கை எப்படிச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளுக்குப் புரியும் என்று கண்டுபிடிப்பதற்காக ஒரு வாரியம் அமைக்கப்பட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. முதல் நான்கு வருடம் வாரியத்துக்கு என்ன பெயர் வைப்பது என்பதில் கழிந்தது. ஐந்தாம் வருடம் பெயர்ப்பலகை வந்தது. 'கற்பித்தல் முறைகள் மற்றும் கருவிகள் ஒப்பாய்வு வாரியம்' என்ற பெயருக்கு அலுவலகத்தின் முகப்பு போதாததால், 'வாரியம்' என்ற சொல் மட்டும் பக்கத்திலிருந்த பல் மருத்துவமனையின் சுவரில் மாட்டப்பட்டது. ஆறாம் வருடம் வாரியம் பள்ளிக்கூடத்துக்கு வந்தது.

வந்தவர் ஒருங்கிணைப்பாளர். கழுத்தில் இரண்டு அடையாள அட்டைகள் தொங்கின. ஒன்று தொலைந்துபோனால் இன்னொன்று இருக்கட்டும் என்று. ஆசிரியர்கள் அறையில் எல்லோரையும் உட்காரவைத்துவிட்டு அவர் மட்டும் நின்றார்.

"இத்தனை வருஷமா பிள்ளைங்க படிச்சாங்க, பாஸ் பண்ணாங்க, வேலைக்கும் போனாங்க. இல்லைன்னு சொல்லல. ஆனா எதனால படிச்சாங்க? உங்க யாருக்காவது தெரியுமா?"

யாருக்கும் தெரியவில்லை.

"பார்த்தீங்களா? அதெல்லாம் அதிர்ஷ்டம். இனிமே பிள்ளைங்களோட எதிர்காலத்தை அதிர்ஷ்டத்துக்கு விடப்போறதில்லை. ஒரு பையன் தோத்தான்னா, எந்த முறையில தோத்தான்னு நம்மகிட்ட ஆதாரம் இருக்கணும்."

தலைமையாசிரியர் கைதட்டினார். அவர் தட்டியதால் மற்றவர்களும் தட்டினார்கள்.

ஏழாம் வகுப்பில் நான்கு பிரிவுகள். நான்கு பிரிவுக்கும் நான்கு கணக்கு ஆசிரியர்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் நான்கு சீட்டுகள் போட்டுக் குலுக்கினார்கள். அ பிரிவுக்குத் தொடுதிரைப் பலகை வந்தது. ஆ பிரிவுக்கு ஆளுக்கொரு கைக்கணினி. இ பிரிவுக்கு அட்டை, காகிதம், கத்தரிக்கோல் வைத்துச் செய்து பார்க்கும் செயல்வழி முறை. ஈ பிரிவின் கணக்கு டீச்சர் எடுத்த சீட்டில் எதுவுமே எழுதியிருக்கவில்லை. திருப்பிப் பார்த்தாள். அந்தப் பக்கமும் வெள்ளை.

"சார், இதுல ஒண்ணும் எழுதலையே."

"அதுதான் டீச்சர் உங்க முறை."

"புரியல சார்."

"உங்களுது ஒப்பீட்டு வகுப்பு. மத்த மூணு பேரும் எவ்வளவு உசரம்னு அளக்கணும்னா ஒரு தரை வேணுமில்லையா? நீங்கதான் தரை."

தரையாக இருப்பது சுலபம் என்றுதான் டீச்சர் முதலில் நினைத்தாள். "அப்போ நான் எப்பவும் நடத்துற மாதிரியே நடத்தலாமா சார்?"

"தாராளமா. வழக்கமான முறைதான் உங்களுக்கு" என்று சொல்லி ஒருங்கிணைப்பாளர் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினார். 'வழக்கமான முறை: ஆசிரியர் கையேடு. பக்கங்கள் 64.'

ஒன்பது பேர் கொண்ட குழு ஒன்று பதினான்கு மாதம் உட்கார்ந்து எழுதிய கையேடு அது. வழக்கமான ஆசிரியர் கரும்பலகைக்கு இடது பக்கம் நிற்பார். வரையறையை இரண்டு முறை வாசிப்பார். மூன்று கணக்குகளைப் பலகையில் எழுதி, தானே செய்வார். ஒவ்வொரு கணக்குக்குப் பிறகும் "புரிஞ்சுதா?" என்று ஒரு முறை கேட்பார். மாணவர் எழுப்பும் ஐயங்களுக்கு, "வரையறையைப் பார்" என்று பதிலளிப்பார். வெள்ளைச் சுண்ணக்கட்டி மட்டுமே பயன்படுத்துவார். வண்ணச் சுண்ணக்கட்டி காட்சிச் சாதனம் என்பதால் அ பிரிவுக்கு உரியது.

டீச்சர் அன்று மாலையே அதை முழுக்கப் படித்தாள். மறுநாள் ஒருங்கிணைப்பாளரைப் பார்த்து, "சார், பதினாறு வருஷமா நடத்துறேன். இந்த மாதிரி ஒரு நாளும் நடத்துனதில்லையே" என்றாள்.

"அதனாலதான் டீச்சர் கையேடு போட்டோம்."

"நான் பழைய விடைத்தாளைக் கிழிச்சு, ரெண்டா மடி, நாலா மடின்னு பிள்ளைங்க கையில குடுத்துத்தான் ஆரம்பிப்பேன்."

"காகித மடிப்பு இ பிரிவுக்குப் போயிடுச்சு டீச்சர். நீங்களும் அதையே செஞ்சா எதுனால புரிஞ்சுதுன்னு நாங்க எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

அவளுக்கு நியாயமாகவே பட்டது. அதோடு அவளுக்கு வாரியத்தின் தயவும் தேவையாக இருந்தது. புருஷன் வேலை பார்ப்பது ஏழு மணி நேரப் பஸ் பயணத்தில் இருந்த வேறொரு ஊரில். நான்கு வயது மகள் அவனோடு இருந்தாள். டீச்சர் ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை போய், ஞாயிறு மாலை திரும்புவாள். மூன்று வருடமாகக் கேட்டுவந்த இடமாறுதல் இந்த வருடம் கிடைக்க வேண்டியது. ஆனால் ஆய்வில் இருக்கும் ஆசிரியர்களை ஆய்வு முடிகிறவரை நகர்த்தக்கூடாது என்று கோப்பை வாரியம் வாங்கி வைத்துக்கொண்டது.

"பயப்படாதீங்க. பதினாறு வாரம்தான்" என்றார் தலைமையாசிரியர். "சுத்தமா முடிச்சுக் குடுத்தீங்கன்னா வாரியமே கையெழுத்துப் போட்டு அனுப்பிடும். கலப்பு மட்டும் வரக்கூடாது."

கலப்பு என்றால் என்னவென்று இரண்டாவது வாரம் தெரிந்தது. அதைக் கண்டுபிடிக்க ஒரு ஆள் வகுப்பின் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். முப்பது வருடம் ஓட்டப்பந்தயங்களுக்கு நேரம் பார்த்து ஓய்வு பெற்றவர். சொந்தமாக நிறுத்துகடிகாரம் வைத்திருந்த ஒரே விண்ணப்பதாரர் என்பதால் வாரியம் அவரைத் தேர்ந்தெடுத்திருந்தது. பிள்ளைகள் அவருக்குக் கடிகாரத் தாத்தா என்று பெயர் வைத்தார்கள். பாடவேளை மணி அடித்ததும் பழக்கதோஷத்தில் வலது கையைத் தூக்கிவிட்டு அவராகவே இறக்கிக்கொள்வார். மற்றபடி தங்கமான மனுஷன்.

அன்று பலகையில் இருந்த கணக்கு, ஒன்றை அரையால் வகுப்பது. விடை இரண்டு. டீச்சர் எழுதினாள், அடியில் கோடு போட்டாள், "புரிஞ்சுதா?" என்றாள்.

இரண்டாவது பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. அந்தக் கைக்குச் சொந்தக்காரியை வகுப்பில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ஏன்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் அம்மாவே பள்ளிக்கூடத்துக்கு வந்தால், "எங்க ஏன் இருக்காளா?" என்றுதான் கேட்பாள்.

"டீச்சர், வகுத்தா கம்மியாகணும்ல? இது ஏன் ஜாஸ்தியாகுது?"

பதினாறு வருடத்தில் இதைவிட நல்ல கேள்வியை டீச்சர் கேட்டதில்லை. வாய் தன்பாட்டுக்குத் திறந்தது. "ஒரு முழுத் தாள்ல எத்தனை அரைத் தாள் இருக்குன்னு..." என்பதுவரை வந்துவிட்டது. கடைசி பெஞ்சில் கடிகாரம் 'டிக்' என்றது. டீச்சர் நிறுத்தினாள்.

"வரையறையைப் பாரும்மா."

ஏன் வரையறையைப் பார்த்தாள். வரையறையும் அவளைப் பார்த்தது.

ஆனால் அந்த அரை வாக்கியம் போதுமானதாக இருந்தது. அன்று இடைவேளையில் ஏன் அதை வைத்து மீதியைத் தானே கண்டுபிடித்துப் பக்கத்தில் இருந்தவளுக்குச் சொன்னாள். அவள் இன்னொருத்திக்குச் சொன்னாள். மறுநாள் காலைக்குள் ஈ பிரிவில் ஏழு பேருக்குப் புரிந்துவிட்டது. வாரியம் அவசரக் கூட்டம் போட்டது. புரிந்த ஏழு பேரும் 'கலப்புற்றோர்' என்று பதிவு செய்யப்பட்டு, தெளிவு தணியும்வரை இரண்டு வாரம் ஆய்வகத்தில் தனியாக உட்காரவைக்கப்பட்டார்கள். மற்ற பிள்ளைகளோடு அவர்கள் பேசக்கூடாது. கணக்குப் புத்தகம் கூடாது. படம் வரையலாம், ஆனால் வட்டத்தை இரண்டாகப் பிரித்து வரையக்கூடாது.

நான்கு பிரிவுக்கும் இடைவேளை நேரம் மாற்றி அமைக்கப்பட்டது. ஆ பிரிவில் அண்ணனும் ஈ பிரிவில் தங்கையுமாக இரட்டைப் பிள்ளைகள் இருந்தார்கள். ஆய்வு முடியும்வரை பின்னம் பற்றி வீட்டில் பேச மாட்டோம் என்று அவர்களுடைய அப்பாவிடம் எழுதி வாங்கினார்கள். "பேசலன்னா சரிங்க" என்றார் அவர் கவலையோடு. "ஒரு சப்பாத்தியைப் பங்கு போட்டுக் குடுக்கலாமா?" அதற்கு மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள்.

மற்ற பிரிவுகளில் ஆய்வு அமோகமாகப் போய்க்கொண்டிருந்தது. அ பிரிவின் தொடுதிரை உயிர்பெறச் சராசரியாக இருபத்தாறு நிமிடம் ஆனது. அதுவரை பிள்ளைகள் கண்கொட்டாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்ததால், அந்த நேரம் 'உச்ச கவன நேரம்' என்ற பத்தியில் ஏறியது. ஆ பிரிவின் கைக்கணினியில் 'புரிந்தது' என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் ஒரு மஞ்சள் பறவை கூவிக்கொண்டு பறக்கும். ஒரு மாணவருக்கு ஒரு பாடவேளையில் சராசரியாக நாற்பத்தொரு முறை புரிகிறது என்று வாரியம் அறிவித்தது. உலகத்தில் எங்குமே இந்த அளவுக்குப் புரிந்ததில்லையாம்.

எட்டாவது வாரம் இடைத்தேர்வு. முடிவு வந்த அன்று ஒருங்கிணைப்பாளர் ஓடிவந்தார். இரண்டு அட்டைகளும் முதுகுப்பக்கம் போயிருந்தன. டீச்சரையும் கடிகாரத் தாத்தாவையும் தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டார்.

"அ பிரிவு நாப்பத்தொண்ணு. ஆ பிரிவு நாப்பத்தி நாலு. இ பிரிவு அம்பத்திரண்டு. ஈ பிரிவு அம்பத்தெட்டு. டீச்சர், என்ன இது?"

டீச்சருக்கு உள்ளுக்குள் குதிக்க வேண்டும்போல் இருந்தது. முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "தெரியல சார்" என்றாள்.

"தரை மாடிக்கு மேல வருது டீச்சர்! நானூறு பள்ளிக்கூடத்துக்குத் திரையும் கைக்கணினியும் கிடங்குல வந்து இறங்கியாச்சு. பெட்டி எல்லாம் வந்துடுச்சு, முடிவு மட்டும்தான் இன்னும் வரல. இந்த நேரத்துல இப்படி ஒரு அம்பத்தெட்டைக் கொண்டுவந்து வச்சா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

"நான் கையேடு தாண்டி ஒரு வார்த்தை பேசல சார். ஐயாகிட்டயே கேளுங்க."

கடிகாரத் தாத்தா தலையாட்டினார். "பேசலைங்க. நானும் ரெண்டு நாளா தாளை எல்லாம் புரட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு விஷயம்தான் கண்ணுல பட்டுச்சு." மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "அம்மா 'புரிஞ்சுதா?'ன்னு கேக்குறாங்க பாருங்க, அதுக்கும் அடுத்த கணக்குக்கும் நடுவுல ஒரு இடைவெளி விழுது. சராசரி நாலு புள்ளி ரெண்டு வினாடி."

"அந்த நேரத்துல என்ன பண்றாங்க?"

"அம்மா ஒண்ணும் பண்ணல. பிள்ளைங்களைப் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. பிள்ளைங்கதான்... சிலது விட்டத்தைப் பார்க்குதுங்க. சிலது விரலை மடக்குதுங்க. ஒண்ணு ரெண்டு உதட்டைக் கடிக்குதுங்க."

"யோசிக்கிறாங்களா!" என்றார் ஒருங்கிணைப்பாளர். வீட்டுக்குள் பாம்பு வந்ததைக் கேள்விப்பட்டவரின் குரல் அது. "கையேட்டுல 'புரிஞ்சுதா?'ன்னு கேக்கணும்னு இருக்கு. காத்திருக்கணும்னு இருக்கா டீச்சர்?"

"இல்ல சார்."

"பின்ன ஏன் காத்திருக்கீங்க?"

காத்திருக்கிறோம் என்பதே டீச்சருக்கு அன்றைக்குத்தான் தெரியும். கேள்வி கேட்டால் பதிலுக்கு நிற்பது மூச்சு விடுவதுபோல ஒரு பழக்கமாக இருந்தது.

"அந்த நாலு வினாடியை எடுத்துடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

"சார், இந்தக் கடைசித் தேர்வு மார்க்கை வச்சுத்தானே எட்டாம் வகுப்புல யார் எந்தப் பிரிவுன்னு பிரிக்கப்போறாங்க? நாப்பதுக்குக் கீழ வந்தா அடிப்படைப் பிரிவு. அங்க அறிவியலும் கிடையாது, மேல்படிப்புக்கு வழியும் கிடையாது. எங்க பிள்ளைங்க..."

"அது தேர்வுத் துறை. எங்களுக்கும் அவங்களுக்கும் கடிதப் போக்குவரத்தே கிடையாது." அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "டீச்சர், உங்க மாறுதல் கோப்பு என் மேஜை மேலதான் இருக்கு. தினம் பார்க்குறேன். நாலு வினாடி. யார் குடி முழுகிடப்போகுது, சொல்லுங்க?"

அன்று சாயங்காலம் புருஷன் போன் செய்தான்.

"இன்னிக்கு உன் மக பண்ணதைக் கேட்டியா? அம்மா என்ன வேலை பார்க்குறாங்கன்னு ஸ்கூல்ல ஒவ்வொருத்தரையா கேட்டிருக்காங்க. இவ எந்திரிச்சு, 'எங்கம்மா பஸ்ல இருக்காங்க'ன்னிருக்கா."

டீச்சர் சிரித்தாள். பிறகு அன்றைக்கு நடந்ததைச் சொன்னாள்.

"நாலு செகண்டா?" என்றான் அவன். "என்னமோ பெருசா சொல்லப்போறேன்னு பார்த்தேன். நாலு செகண்டுதானே, விட்டுத் தொலையேன்."

"ஆமாங்க. நாலு செகண்டுதான்."

பழக்கத்தை விடுவது சுலபமாக இல்லை. வாடகை அறையில் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி அவள் பயிற்சி எடுத்தாள். "புரிஞ்சுதா? அடுத்தது." "புரிஞ்சுதா, அடுத்தது." நான்காவது நாள் இரண்டும் ஒட்டி ஒரே சொல்லாகிவிட்டன. வகுப்பில் அதைச் சொல்லும்போது பிள்ளைகளைப் பார்க்காமல் பலகையைப் பார்த்தால் இன்னும் சுலபம் என்று கண்டுபிடித்தாள். இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. கையேட்டிலும் இல்லை. அவளுடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

முதல் வாரம் பிள்ளைகள் திணறினார்கள். கைகள் தாமதமாக உயர்ந்தன. உயர்ந்தபோது அடுத்த கணக்கு பாதி ஓடியிருந்தது. எதைக் கேட்க வந்தோம் என்பது மறந்து, கைகள் கொஞ்ச நேரம் காற்றில் நின்றுவிட்டு இறங்கின. இரண்டாம் வாரம் நான்கைந்து கைகள். மூன்றாம் வாரம் ஒரே ஒரு கை. அந்தக் கை ஐந்தாம் வாரம்வரை வந்துகொண்டிருந்தது. அந்த வாரத்தின் வியாழக்கிழமை டீச்சர் பலகையிலிருந்து திரும்பும்போது கையைத் தூக்கியிருந்தாள் ஏன். டீச்சரின் கண்ணைப் பார்த்ததும், அதற்காகவே தூக்கியதுபோல அந்தக் கையால் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வகுப்பு மிகவும் அமைதியாக இருந்தது. தலைமையாசிரியர் ஒரு நாள் அந்த வழியாகப் போகும்போது நின்று பார்த்துவிட்டு, "நல்ல கட்டுப்பாடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைசி நாள் கடிகாரத் தாத்தா தாள்களை அடுக்கிக் கட்டினார். கலப்பு என்ற பத்தியில் கடைசி எட்டு வாரமும் பூஜ்யம். "முப்பது வருஷமா எத்தனையோ ஓட்டம் பார்த்திருக்கேன்மா" என்றார். "இவ்வளவு சுத்தமா ஒண்ணு பார்த்ததில்லை." பாராட்டுகிறாரா என்பது அவர் முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை. கடிகாரத்தை உறையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இறுதித்தேர்வில் அ பிரிவு நாற்பத்து மூன்று. ஆ பிரிவு நாற்பத்து நான்கு. ஈ பிரிவு இருபத்தொன்பது. இ பிரிவு ஐம்பத்து மூன்று எடுத்திருந்தது. ஆனால் செயல்வழி முறைக்கு மின்சாரம் தேவைப்படாததால் மற்ற முறைகளோடு அதை ஒப்பிடுவது அறிவியலுக்குப் பொருந்தாது என்று அதை ஆய்விலிருந்து விலக்கிவிட்டார்கள். கருவிகள் வென்றன. கிடங்கிலிருந்து லாரிகள் புறப்பட்டன.

பாராட்டு விழாவுக்கு வாரியத்தின் இயக்குநரே வந்தார். பெரிய கூடத்தில் நான்கு பிரிவுப் பிள்ளைகளும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். இ பிரிவு ஆசிரியருக்கு அழைப்பு இல்லை. முதல் விருது திரைக்கு. திரை மேடைக்கு வர முடியாததால் அதை விற்ற நிறுவனத்தின் பிரதிநிதி வாங்கிக்கொண்டார். இரண்டாவது விருது கைக்கணினிக்கு. மூன்றாவதாகக் கணக்கு டீச்சரைக் கூப்பிட்டார்கள். சிறந்த ஒப்பீட்டு ஆசிரியர்.

இயக்குநர் ஒலிவாங்கியை இரண்டு தட்டுத் தட்டினார்.

"நண்பர்களே, சொல்லிக்குடுக்கத் தெரிஞ்சவங்க நாட்டுல ஆயிரக்கணக்கா இருக்காங்க. சொல்லிக்குடுக்கத் தெரியாதவங்க அதைவிட அதிகமா இருக்காங்க. ஆனா நல்லா தெரிஞ்சிருந்தும், கண்ணு முன்னால முப்பத்தெட்டுப் பிள்ளைங்க முழிச்சிக்கிட்டு உட்கார்ந்திருந்தும், ஒரு வார்த்தைகூடச் சொல்லாம பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னாங்க பாருங்க, அந்த மன உறுதி யாருக்கு வரும்? இவங்க மட்டும் கொஞ்சம் இளகியிருந்தா, இன்னிக்கு நமக்கு இந்த முடிவு கிடைச்சிருக்காது. இந்தப் பிள்ளைங்களோட தோல்வியிலதான் நம்ம வெற்றி நிக்குது. அந்தப் பிள்ளைங்களுக்கும் ஒரு கைதட்டல் குடுங்க."

கூடம் கைதட்டியது. ஈ பிரிவுப் பிள்ளைகளும் சேர்ந்து தட்டினார்கள். டீச்சருக்கு ஒரு சால்வை, ஒரு கேடயம், ஒரு பழுப்பு உறை. உறைக்குள் மாறுதல் உத்தரவு இருந்தது. மேடையில் நின்றபடியே ஊர்ப்பெயரை ஒருமுறை வாசித்துப் பார்த்துக்கொண்டாள். மகள் இருக்கும் ஊர்தான்.

இறங்கி வெளியே வந்தபோது தகவல் பலகையில் எட்டாம் வகுப்புப் பட்டியலை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஈ பிரிவின் முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்தொரு பேர் அடிப்படைப் பிரிவு. பதினான்காவது பெயரை அவள் ஒரு நிமிடம் அடையாளம் தெரியாமல் பார்த்தாள். ஏனுக்கு அப்படி ஒரு அழகான பெயர் இருந்தது நினைவுக்கு வர அவ்வளவு நேரம் ஆயிற்று.

அன்று மாலை அவள் ஒரு கடிதம் எழுதினாள். மூன்று தடவை கிழித்துப்போட்டு நான்காவது தடவை எழுதியது. 'இந்த மாணவர்களுக்குக் கணக்கு வராததற்குக் காரணம் அவர்கள் அல்ல, நான். அவர்கள் யோசிக்கத் தேவையான நேரத்தைத் தெரிந்தே கொடுக்காமல் இருந்தேன். அவர்கள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் தெரிந்தும் சொல்லவில்லை. எனக்கு ஒரு மாதம் பாடம் நடத்த அனுமதி தந்து, அவர்களுக்கு மறுதேர்வு வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.' கையெழுத்துப் போட்டாள். மாறுதல் உத்தரவையும் எடுத்து அதே கைப்பையில் வைத்தாள். மறுதேர்வுக்கு ஒப்புக்கொள்ளாவிட்டால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டு மறுநாள் வாரியத்துக்குப் போனாள்.

ஒருங்கிணைப்பாளர் கடிதத்தை ஒரு முறை வாசித்தார். எழுந்து ஜன்னல் பக்கம் போய் இன்னொரு முறை வாசித்தார். திரும்பியபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"டீச்சர், இத்தனை ஆய்வு நடக்குதே, எதுலயாவது ஒப்பீட்டு ஆசிரியரே முன்வந்து, 'நான் சத்தியமா நடத்தலை'ன்னு கைப்பட எழுதிக் குடுத்திருக்காங்களா? நம்ம அறிக்கையில இது ஒண்ணுதான் குறையா இருந்துச்சு. நடத்தலைங்கறதுக்கு ஆதாரம் எங்கேன்னு இயக்குநர் கேட்டுக்கிட்டே இருந்தார்." மணியை அடித்து உதவியாளரைக் கூப்பிட்டார். "இதை ஏழாவது இணைப்பா சேர்த்துடு. கையெழுத்து தெளிவா வரணும்."

"சார், கீழ மறுதேர்வுன்னு..."

"படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா மறுதேர்வு வச்சு அந்தப் பிள்ளைங்க நல்ல மார்க் எடுத்துட்டா, ஆய்வு பொய்யாயிடும். ஆய்வு பொய்யானா, நீங்க பல்லைக் கடிச்சுக்கிட்டு நடத்தாம இருந்தீங்களே, அந்த உழைப்பு எல்லாம் வீணாயிடும். அப்படி உங்களை விட்டுட மாட்டேன் டீச்சர்."

அவர் கையைக் குவித்துக் கும்பிட்டார். பிறகு, "வேற ஏதாவது உண்டா?" என்றார்.

டீச்சரின் விரல்கள் கைப்பையின் கொக்கியில் இருந்தன. பழுப்பு உறையின் ஓரம் உள்ளே தட்டுப்பட்டது. மேஜையில் இருந்த மின்விசிறி ஒரு முறை இந்தப் பக்கம் வந்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பியது.

"இல்ல சார்" என்றாள். "அவ்வளவுதான்."

பள்ளியிலிருந்து விடுவிக்கப்பட்ட அன்று வாடகை அறையையும் ஆசிரியர் அறை அலமாரியையும் காலிசெய்து இரண்டு பைகளில் கட்டினாள். ஒன்றில் புடவைகளும் கேடயமும். இன்னொன்றில் புத்தகங்கள். ஐந்து மணிக்குப் பஸ். மற்ற ஆசிரியர்கள் ஏற்கெனவே கை குலுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். தாழ்வாரத்தில் தூணை ஒட்டி நின்றிருந்தாள் ஏன். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ, ஒரு கால் மாற்றி மறுகாலில் நின்றாள்.

"என்னம்மா, வீட்டுக்குப் போகலை?"

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் டீச்சர்."

"சொல்லு."

"என்னாலதானே டீச்சர் உங்களை மாத்திட்டாங்க?"

டீச்சருக்குப் புரியவில்லை. "யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. எனக்கே தெரியும். போன வருஷம் விளையாட்டு சாரு ஹெட்மாஸ்டர் சாரோட சண்டை போட்டாருன்னு மாத்துனாங்கல்ல?" அவள் தரையைப் பார்த்துக்கொண்டு வேகமாகப் பேசினாள், மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பதுபோல. "நான் கை தூக்கும்போதெல்லாம் கடிகாரத் தாத்தா எழுதுனாரு டீச்சர். நான் திரும்பிப் பார்த்தேன். என் பேருதான் நிறைய இருந்துச்சு. நான் கேக்கக் கேக்க உங்களுக்குத்தான் திட்டு விழுதுன்னு தெரிஞ்சுது. நீங்க எங்க பக்கம் பார்க்காமலே பயந்து பயந்து நடத்துனீங்க. அதான் அப்புறம் நான் கேக்குறதையே விட்டுட்டேன். அதுக்குள்ள மாத்திட்டாங்க." மூக்கை உறிஞ்சினாள். "சாரி டீச்சர். இனிமே யார்கிட்டயும் கேக்க மாட்டேன்."

சொல்ல வேண்டியதெல்லாம் டீச்சரின் வாயில் இருந்தது. எந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்பதுகூடத் தெரிந்தது. இது தண்டனை இல்லை, கேட்டு வாங்கியது. எதைக் கொடுத்து வாங்கியது என்பதும். பார்க்க வேறு யாரும் இல்லை, எழுதவும் யாரும் இல்லை. கைப்பைக்குள் போன் நடுங்கியது. புருஷனாக இருக்கும், பஸ் ஏறிவிட்டாயா என்று கேட்பதற்கு.

ஏன் முகத்தை நிமிர்த்தி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பரவாயில்லம்மா" என்றாள் டீச்சர்.

அந்தப் பெண்ணின் முகம் தெளிந்துவிட்டது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு பைகளையும் தூக்கிப் பார்த்து, கனமானதைத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். வாசல்வரைக்கும் அதை அவளே தூக்கி வந்தாள்.